ஒன்பதாவது சாவி

போன முன்தேர்தலில் ஜெசிந்தா இரண்டரை மணி நேரம் வெயிலில் நின்று வாக்குச்சாவடிக்குள் போனபோது, திரையில் ஒரே ஒரு பெயர்தான் இருந்தது.

இயந்திரம் பழுதாகிவிட்டது என்றுதான் முதலில் நினைத்தாள். மறைப்புக்கு வெளியே தலையை நீட்டி அதிகாரியைக் கூப்பிட்டாள்.

"சார், மத்த ஆளுங்க பேரெல்லாம் வரலியே?"

"அவ்வளவுதாம்மா. மத்த ஆறு பேரும் விலகிட்டாங்க."

"எப்ப?"

"கடைசி ஆள் விலகி ரெண்டு மாசத்துக்கு மேல ஆச்சு."

"பின்ன எதுக்கு சார் எங்கள வரச் சொன்னீங்க?"

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எல்லா மாநிலமும் ஓட்டுப் போட்டாத்தான் முடிவு செல்லும்மா. சட்டம் அப்படி."

வரிசையில் பின்னால் நின்ற ஒருவர், "யம்மா, சட்டுனு அமுக்கிட்டு வாங்க. யோசிக்கிறதுக்கு அதுல என்ன இருக்கு?" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஜெசிந்தாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்த பிறகுதான் கோபம் வந்தது.

நாடு அதிபர் ஆட்சி முறைக்கு மாறிப் பதினாறு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒவ்வொரு கட்சியும் தன் அதிபர் வேட்பாளரைத் தன் உறுப்பினர்களின் வாக்கால்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். அதற்குப் பெயர் முன்தேர்தல். ஒரே நாளில் நடத்த முடியாது என்று மாநிலம் மாநிலமாக ஐந்து மாதம் நடத்தினார்கள். எந்த மாநிலம் முதலில் என்ற வரிசையை முதல் தடவை சீட்டுக் குலுக்கி முடிவு செய்தார்கள். அதன் பிறகு மாற்ற யாருக்கும் மனம் வரவில்லை. முதல் இடம் கிடைத்த இரண்டு சிறிய மாநிலங்களில் வேட்பாளர்கள் ஒரு வருடத்துக்கு முன்பே குடியேறிவிடுவார்கள். டீக்கடை டீக்கடையாக உட்காருவார்கள். அங்கே தோற்றவர்களைத் தொலைக்காட்சி மறந்துவிடும், கூட இருந்தவர்கள் நழுவிவிடுவார்கள். எட்டாவது வாரத்தில் மூன்று பேர் மிஞ்சுவார்கள். பன்னிரண்டாவது வாரத்தில் ஒருவர். தமிழ்நாட்டின் முறை இருபத்திரண்டாவது வாரம், இன்னும் மூன்று மாநிலங்களோடு சேர்த்து, கடைசியாக.

ஜெசிந்தாவுக்கு வயது நாற்பத்தேழு. தூத்துக்குடித் துறைமுகத்தின் இரண்டாம் வாசலில் எடைமேடை அவள் பொறுப்பு. லாரி மேடையில் ஏறும், எடை விழும், சீட்டு அடித்துக் கொடுப்பாள். இருபத்தொரு வருடமாக அதே கூண்டு அறை, அதே ஜன்னல். அரசியல் அவளுக்குப் பெரிய விஷயமில்லை. அவள் தம்பி கிளாட்வினுக்குத்தான் அது சோறும் தண்ணீரும். மக்கள் கூட்டணிக் கட்சியில் சேர்ந்த நாளில் அக்காவையும் சேர்த்துவிட்டிருந்தான்.

அந்த ஒற்றைப் பெயருக்கு எதிராக நாடு முழுவதும் கடைசி வரிசை மாநிலங்களில் எழுந்த சத்தத்தில்தான் புது முறை வந்தது. இனி எந்த மாநிலத்தின் வாக்கும் அன்றன்றைக்கு எண்ணப்படாது. எல்லாம் பூட்டப்படும். கடைசி மாநிலம் வாக்களித்து முடித்த பிறகு ஒரே நாளில் திறக்கப்படும். சாவி அரசாங்கத்திடமோ கட்சியிடமோ இருக்காது. உறுப்பினர் பட்டியலில் குலுக்கி எடுத்த ஒன்பது சாதாரண மனிதர்களிடம் இருக்கும்.

ஒன்பதாவது பெயராக ஜெசிந்தா வந்தாள்.

முன்தேர்தல் வாரியத்திலிருந்து நஸ்ரின் என்ற பொறியாளர் பெட்டியைக் கொண்டுவந்தாள். வாணியம்பாடிக்காரி, முப்பது வயதிருக்கும். பெட்டி சாப்பாட்டு டப்பா அளவுதான். மேலே கைவைக்க ஒரு தட்டு.

"இதுக்குள்ள ஓட்டு இருக்காம்மா?" என்று கேட்டாள் ஜெசிந்தா.

"ஒன்பதில் ஒரு பங்கு இருக்கும். ஒவ்வொரு மாநிலம் முடிஞ்சதும் வாக்குகளைக் கலைச்சு, ஒன்பது பங்காப் பிரிச்சு, ஒன்பது பெட்டிக்கும் அனுப்பிடுவோம். யாரோட வாக்கு எதுன்னு எங்களுக்கே தெரியாது. உங்க பங்கு உங்க கைக்குத்தான் திறக்கும். ரேகை மட்டும் இல்ல, ரத்த ஓட்டம், சூடு எல்லாம் பார்க்கும். வாரத்துக்கு ஒரு தடவை கையை வைங்க. பச்சை எரிஞ்சா பங்கு பத்திரமா இருக்குன்னு அர்த்தம்."

"நான் மட்டும் தனியாத் திறந்து பாத்தா?"

நஸ்ரின் கொஞ்சம் தயங்கினாள். "பார்க்கலாம். கையை எடுக்காம ஒரு நிமிஷம் வைச்சிருந்தா உங்க பங்கோட கணக்கு திரையில வரும்."

"ஒன்பதுல ஒண்ணு பாத்தா மொத்தமும் பாத்த மாதிரிதான."

"ஏறக்குறைய."

"அத அடைக்கக் கூடாதா?"

"அடைக்கலாம்மா. அடைச்சுட்டா, உள்ள இருக்கிறது கெட்டுப்போயிருந்தாக் கடைசி நாள் வரைக்கும் தெரியாது. ஐந்து மாச ஓட்டு குப்பையாயிடும். சோதிக்க ஒரு வழி இருந்தே ஆகணும். இதுல நாங்க ரொம்ப நாள் சண்டை போட்டோம். கடைசியில, பார்த்தாப் பதிவாகும்னு வைச்சோம். எத்தனை தடவை, என்னைக்குன்னு. அந்தப் பதிவு திறக்கிற நாள்ல எல்லார் முன்னாடியும் வரும். பார்த்தவங்களுக்குத் தண்டனை உண்டு."

"அது கடைசி நாள்ல. அதுக்கு முன்னால ஒருத்தருக்கும் தெரியாது."

"தெரியாது."

"பின்ன எத நம்பி எங்கிட்ட குடுக்கீங்க?"

நஸ்ரின் விடையைத் தேடுபவள்போல அறையைச் சுற்றிப் பார்த்தாள். பிறகு, "உங்களைத்தான்," என்றாள்.

ஒன்பது பேருடைய பெயரும் படமும் செய்தியில் வந்தன. எதையும் மறைக்கக் கூடாது என்பதற்காக அப்படி விதி. அந்த விதி என்ன செய்யும் என்று விதி எழுதியவர்கள் யோசிக்கவில்லை.

முதல் வாரமே வாக்குகள் பெட்டிக்கு வர ஆரம்பித்தன. முடிவு தெரியாமல் தவித்த நாடு, தெரிந்துகொள்ளக்கூடிய ஒன்பது பேரின் முகத்தைப் படிக்கத் தொடங்கியது. ஜெசிந்தா நீலப் புடவை கட்டிக்கொண்டு வேலைக்குப் போனாள். நீலம், அசாமிலிருந்து நின்ற வேட்பாளர் நிலாக்ஷி பருவாவின் கொடி நிறம். சாயங்காலத்துக்குள் பருவா முன்னிலை என்று நான்கு சேனல்கள் சொல்லிவிட்டன. மறுநாள் வேண்டுமென்றே காவி கலந்த பழுப்பில் ஒரு புடவை கட்டினாள். அது மகாராஷ்டிரத்தின் தேவ்தத் மாத்ரே நிறத்துக்குக் கொஞ்சம் கிட்டத்தில் இருந்தது. பருவா சரிந்துவிட்டார் என்றார்கள். பனிமய மாதா கோயிலில் மூன்று மெழுகுவர்த்தி ஏற்றினாள். அப்படியானால் மூன்றாம் இடத்தில் யார் என்று ஒரு மணி நேர விவாதம் நடந்தது.

ஜெசிந்தா வெள்ளைப் புடவை நான்கு வாங்கிக்கொண்டாள். எடைமேடை ஜன்னலில் லாரிக்காரர்களோடு சிரித்துப் பேசுவதை விட்டாள். "என்னம்மா, நல்ல செய்தியா?" என்று யாராவது கேட்டுவிடுவார்கள். கூட வேலை பார்த்த பிரமு ஒருநாள், "நீ மூஞ்சியக் கல்லு மாதிரி வச்சிக்கிட்டு இருக்கியே, பாக்கவே பயமா இருக்குடி," என்றாள். ஜெசிந்தா அதற்கும் சிரிக்கவில்லை. பிரமுவின் தோளில் கையை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள்.

பூட்டு இருந்தாலும் வதந்தியைப் பூட்ட முடியவில்லை. ஐந்து வேட்பாளர்களில் ஒருவர் பத்தாவது வாரத்திலும் இன்னொருவர் பதினான்காவது வாரத்திலும் விலகினார்கள். இருவருமே தோற்றுக்கொண்டிருப்பதாகத் தங்களுக்கு உறுதியான தகவல் வந்தது என்றார்கள். எங்கிருந்து என்று சொல்லவில்லை.

பதினேழாவது வாரம், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், கிளாட்வின் எடைமேடை அறைக்கு வந்தான்.

அவன் நிலாக்ஷி பருவாவுக்குத் தமிழ்நாட்டுப் பொறுப்பாளர். பிரம்மபுத்திராக் கரையில் வெள்ளத்தோடு இருபது வருடம் போராடிய பொறியாளர் அந்தப் பெண்மணி. பதினான்கு மாதமாக அவருக்காக ஓடிக் கிளாட்வின் பாதியாக இளைத்திருந்தான். அக்கா சாவிக்காரி ஆனதிலிருந்து அவளைப் பார்க்க வரவே இல்லை. அவனாகவே வைத்துக்கொண்ட கட்டுப்பாடு அது. அதனால் அவன் முகத்தைப் பார்த்ததும் ஜெசிந்தா எழுந்துவிட்டாள்.

"என்னல, யாருக்கும் ஏதாவது...?"

"யாருக்கும் ஒண்ணும் இல்லக்கா. உக்காரட்டுமா?"

அவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள். அவன் உட்காரவில்லை.

"மேடம் நாளைக்கு இங்க வாராங்க. நாலு மணிக்கு மண்டபத்துல கூட்டம். அந்தக் கூட்டத்துல விலகப் போறாங்க."

"எதுக்கு?"

"நாலாவது வாரத்துல இருந்தே நாம பின்னாடி இருக்கோம்னு எல்லாரும் சொல்லுதாங்க. கூட இருந்த பாதிப் பேரு மாத்ரே பக்கம் போயிட்டாங்க. அவங்க தூங்கி எத்தனை நாளாச்சுன்னு தெரியல. ஜெயிக்கிற மாதிரி இருந்தா இன்னும் அஞ்சு வாரம் உசிரக் குடுக்கலாம். தோக்கப் போறோம்னா எதுக்கு இத்தன பேர இழுத்து அலைய விடணும்னு கேக்காங்க. எனக்குப் பதில் சொல்லத் தெரியல."

வெளியே ஒரு லாரி ஹாரன் அடித்தது. ஜெசிந்தா போய் எடை பார்த்துச் சீட்டுக் கொடுத்துவிட்டு வந்தாள்.

"பெட்டிய ஒரு நிமிஷம் பாத்தாப் போதும்னு எங்க ஆபீஸ்ல ஒருத்தன் சொன்னான்," என்றான் கிளாட்வின் மெதுவாக.

"லேய்."

"நீ எங்கிட்ட நம்பர் சொல்ல வேண்டாம். நிக்கலாமா வேண்டாமா, அத மட்டும் சொல்லு. ஒரு தலையாட்டல் போதும்."

"கடைசி நாள்ல பதிவு வரும். என்னைய உள்ள வைப்பாங்க."

"தெரியும்." அவன் சுவர்ப்பக்கம் திரும்பினான். "தெரிஞ்சுதான் கேக்கேன். நான் எப்படிப்பட்ட ஆளாயிட்டேன்னு பாத்துக்கோ."

அவன் அழுதுவிடுவான் என்று நினைத்தாள். அழவில்லை. சுவரைப் பார்த்தபடி நின்றான்.

"கிளாட்வின், நான் பாக்க மாட்டேன்."

"எனக்காகக் கூடவா?"

"உனக்காகப் பாத்தா, பஞ்சாப்ல சாவி வச்சிருக்கவன் அவன் பொண்டாட்டிக்காகப் பாப்பான். ஒடிசாக்காரரு மருமகனுக்காகப் பாப்பாரு. பெறகு எதுக்குல பூட்டு?"

"அவங்கல்லாம் பாக்கலன்னு உனக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுதான்," என்றாள்.

கிளாட்வின் வாசல்வரை போய்த் திரும்பினான். "நாளைக்கு அவங்க விலகுனா, இந்தத் தடவையும் இங்க ஒத்தப் பேருதாங்கா. மூணாவது ஆளு சந்து எப்பமோ சோர்ந்துட்டாரு. நீ பாக்காம காப்பாத்துனது அந்த ஒத்தப் பேரத்தான்." சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

அன்று ஐந்து மணிக்கு வேலை முடிந்ததும் ஜெசிந்தா வீட்டுக்கு வந்து பெட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். உண்மையைச் சொல்வதென்றால் அவளுக்கும் ஆசையாகத்தான் இருந்தது. நான்கு மாதமாக நாடே தன் முகத்தில் தேடும் ஒன்று, கைக்கெட்டும் தூரத்தில், ஒரு நிமிடத் தூரத்தில் இருந்தது. இந்த வாரச் சோதனை இன்னும் பாக்கி. கையை வைத்தாள். பச்சை எரிந்தது. எடுக்கவில்லை. ஐந்து எண்ணினாள், பத்து எண்ணினாள். தம்பி சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றது கண்முன் வந்தது.

பதினேழில் கையை எடுத்துவிட்டாள். எழுந்துபோய் முகம் கழுவினாள்.

தம்பி சொன்ன கடைசி வார்த்தை போகவில்லை. பார்க்காமல் இருப்பது மட்டும் போதாது என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் அவள் வாயைத் திறந்தாலே அது ஒரு சைகை ஆகிவிடும். நிலாக்ஷியிடம் நில்லுங்கள் என்று சொன்னால், அவர் ஜெயிக்கிறார் என்று ஊர் நம்பும். ஒன்றும் சொல்லாமல் இருந்தால் நாளை நாலு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும்.

சாயங்கால வெளிச்சம் இருக்கும்போதே மேசையில் தாளை விரித்து எழுத ஆரம்பித்தாள். மூன்று தாள், ஒரே கடிதம். போனில் படம் எடுத்து மூன்று வேட்பாளர்களின் அலுவலகத்துக்கும் ஒரே நிமிடத்தில் அனுப்பினாள். வாரியத்துக்கு ஒரு பிரதி. பிறகு வண்டியை எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குப் போய், எடைமேடை ஜன்னலின் வெளிப்பக்கம் ஒரு பிரதியை ஒட்டினாள்.

"மூன்று பேருக்கும் வணக்கம். நான் ஒன்பதாவது சாவி வைத்திருக்கும் ஜெசிந்தா. இதே கடிதம்தான் மூன்று பேருக்கும் வருகிறது. ஒரு எழுத்துகூட மாறவில்லை. ஒப்பிட்டுப் பார்த்துக்கொள்ளுங்கள்.

நான் பெட்டியைத் திறந்து பார்க்கவில்லை. யார் முன்னால் யார் பின்னால் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. தெரிந்த மாதிரி உங்களிடம் பேசுகிறவர்களுக்கும் தெரியாது. நான் எடைமேடையில் வேலை பார்க்கிறேன். லாரியைப் பார்த்த மாத்திரத்தில் எடை சொல்லும் ஆட்கள் எங்கள் வாசலில் நிறைய உண்டு. அவர்கள் சொல்வதை வைத்து நான் சீட்டு அடிப்பதில்லை. மேடையில் ஏற்றிய பிறகுதான் அடிப்பேன்.

போன தடவை நான் இரண்டரை மணி நேரம் நின்று உள்ளே போனேன். ஒரே ஒரு பெயர் இருந்தது. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை என்றுதான் அதற்கு அர்த்தம். கேட்கிற மாதிரி நடித்தார்கள்.

எங்கள் முறை ஜூன் ஏழாம் தேதி. மூன்று பேரும் அதுவரை இருங்கள். தோற்பதாக இருந்தால் எங்களிடம் தோற்றுவிட்டுப் போங்கள். அதற்கு முன்னாலேயே போய்விடாதீர்கள்."

காலையில் நஸ்ரின் பதறிக்கொண்டு கூப்பிட்டாள். "அம்மா, என்ன பண்ணிட்டீங்க! இங்க எட்டு மணியில இருந்து கூட்டம் நடக்குது. இது விதிமீறலா இல்லையான்னு யாருக்கும் தெரியல."

"எந்த விதிய மீறிருக்கேன்?"

"அதைத்தான் தேடிட்டு இருக்காங்க." மறுமுனையில் அடக்கிய சிரிப்பு கேட்டது. "சாவிக்காரங்க ஏதாவது ஒரு வேட்பாளருக்கு மட்டும் செய்தி அனுப்பக் கூடாதுன்னு இருக்கு. நீங்க எல்லாருக்கும் அனுப்பியிருக்கீங்க. அப்படி யாராவது செய்வாங்கன்னு எழுதுனவங்களுக்குத் தோணல."

"என்னைய எடுத்துடுவாங்களா?"

"தெரியலம்மா. ஆனா நான் உங்க பக்கம்தான் பேசுறேன்."

எடுக்கவில்லை. எச்சரிக்கைக் கடிதம் ஒன்று வந்தது, அதோடு விட்டுவிட்டார்கள்.

அந்தப் புதன்கிழமை மாலை நாலு மணிக்கு எடைமேடை வாசலில் லாரிகள் நகரவில்லை. ஓட்டுநர்கள் ஒரு போனைச் சுற்றிக் கூடி நின்றார்கள். ஜெசிந்தா அறைக்குள்ளேயே இருந்து காதை மட்டும் அங்கே வைத்திருந்தாள். மண்டபத்தில் நிலாக்ஷி பருவா பேசினார். அவர் பேசப் பேச போன் தமிழில் சொன்னது.

"இன்றைக்கு நான் வேறொன்று சொல்வதற்காக வந்தேன். அந்தத் தாள் என் பையில் இருக்கிறது. காலையில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. என் போட்டியாளர்களுக்கும் வந்த கடிதம். வெள்ளத்தில் வேலை செய்யும்போது ஒரு கரையில் ஆட்கள் காத்திருப்பது தெரிந்தால், படகில் இடமில்லை என்று தெரிந்தாலும் அங்கே போய்ச் சொல்லிவிட்டு வருவோம். சொல்லாமல் திரும்பியதில்லை. ஜூன் ஏழாம் தேதி வரை நான் இருக்கிறேன்."

ஓட்டுநர்கள் கைதட்டினார்கள். சிலர் மாத்ரேயின் ஆட்கள்; அவர்களும் தட்டினார்கள். ஜெசிந்தா ஜன்னலைத் திறந்து, "யாருய்யா முன்னால நிக்கிற வண்டி? மேடையில ஏத்துங்க," என்று சத்தம் போட்டாள். நான்கு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அவள் குரல் வாசல்வரை கேட்டது.

அடுத்த ஐந்து வாரம் தமிழ்நாடு இதுவரை பார்க்காததைப் பார்த்தது. மூன்று வேட்பாளர்களும் வந்தார்கள். யார் முன்னிலை என்று தெரியாததால் எந்த ஊரையும் விட முடியவில்லை. ஜஸ்பீர் சந்து அறந்தாங்கியில் மின்சாரம் போன கூட்டத்தில் ஒலிபெருக்கி இல்லாமல் ஒரு மணி நேரம் கத்திப் பேசினார். மாத்ரே மதுரையில் ஆசிரியைகள் நடுவே மாட்டிக்கொண்டு, கேள்விக்குப் பதில் தெரியாமல், "நாளைக்குப் படித்துவிட்டு வந்து சொல்கிறேன்," என்றார். மறுநாள் உண்மையிலேயே வந்தார். நிலாக்ஷி தாமிரபரணிக் கரையோரமாக நடந்தே போனார். கிளாட்வின் கூடவே நடந்தான்.

ஜூன் ஏழாம் தேதி ஜெசிந்தா மூன்று மணி நேரம் நின்றாள். திரையில் மூன்று பெயர்கள். விரல் எதன் மேல் போக வேண்டும் என்று வரிசையில் நிற்கும்போதே முடிவு செய்திருந்தாள். ஆனாலும் கொஞ்ச நேரம் மூன்றையும் பார்த்துக்கொண்டு நின்றாள். பின்னால் யாரும் அவசரப்படுத்தவில்லை.

திறக்கும் நாள் நாக்பூரில். மாலை ஐந்து மணிக்கு ஒரு பெரிய அரங்கில் ஒன்பது பெட்டிகளையும் வரிசையாக வைத்திருந்தார்கள். அதற்கு முன்பு சாவிக்காரர்கள் ஒன்பது பேரையும் ஒரு சிறிய அறையில் உட்கார வைத்தார்கள். ஒருவரை ஒருவர் முதல் தடவையாகப் பார்த்தார்கள். காதுக் கருவி ஒவ்வொருவருக்கும் அவரவர் மொழியில் சொன்னது.

முதலில் பஞ்சாப்பைச் சேர்ந்த ஆட்டோமொபைல் மெக்கானிக் கேட்டார். "உங்களிடம் யார் வந்து கேட்டார்கள்?"

அவ்வளவுதான், எல்லோரும் ஒரே நேரத்தில் பேச ஆரம்பித்தார்கள். மெக்கானிக்கிடம் அவர் மனைவியே கேட்டாளாம். பத்து நாள் பேசாமல் இருந்தாளாம். கேரளத்து நர்ஸிடம் அவள் மகனின் பள்ளித் தலைமையாசிரியர் கேட்டாராம். ஒடிசாவின் ஓய்வுபெற்ற தபால்காரரிடம் யாருமே கேட்கவில்லை. "எனக்கே பார்க்க வேண்டும்போல இருந்தது," என்றார் அவர். "பதினோரு தடவை கையை வைத்துவிட்டு எடுத்தேன். கடைசியில் பெட்டியைத் துணியில் சுற்றிப் பரணில் ஏற்றி, ஏணியைப் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டேன். வாரம் ஒரு தடவை ஏணியைக் கேட்கப் போக வெட்கமாக இருக்கும்."

ஜெசிந்தா வாய்விட்டுச் சிரித்தாள். சிரித்து முடித்த பிறகு, "எங்கிட்ட என் தம்பி," என்றாள். கேரளத்து நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்கு ஒன்பது கைகள் ஒன்பது தட்டுகளின் மேல் அமர்ந்தன. முதலில் திரையில் வந்தது பார்வைப் பதிவு. ஒன்றாவது பெட்டி, பூஜ்யம். இரண்டாவது, பூஜ்யம். ஒன்பதாவது, பூஜ்யம். நஸ்ரின் மேடை ஓரத்தில் இரண்டு கைகளாலும் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

பிறகு வாக்குகள், மாநிலம் மாநிலமாக. நான்காவது வாரத்திலிருந்தே நிலாக்ஷி பின்னால் இருந்ததாகச் சொன்னது முழுப் பொய்; அவர்தான் முன்னால் இருந்தார். பத்தாவது வாரத்தில் விலகியவர் அந்த வாரம் இரண்டாம் இடத்தில் இருந்தார். இருபத்தோராவது வாரம் முடியும்போது நிலாக்ஷி நாற்பதாயிரம் வாக்கு அதிகம். கடைசி வாரத்து நான்கு மாநிலங்கள் வந்தன. கணக்கு ஏறி இறங்கி நின்றபோது, தேவ்தத் மாத்ரே பதினோராயிரம் வாக்குகளில் ஜெயித்திருந்தார்.

மாத்ரே மேடைக்கு வந்தார். பேச எழுதி வைத்திருந்ததை மடித்துப் பையில் வைத்துவிட்டார்.

"நான் ஒன்று ஒத்துக்கொள்ள வேண்டும். பதினேழாவது வாரம், செவ்வாய்க்கிழமை, நானும் விலகல் கடிதம் எழுதிவிட்டேன். பருவா வெகுதூரம் முன்னால் போய்விட்டார் என்று எனக்கு உறுதியான தகவல் வந்திருந்தது." அரங்கம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. "புதன்கிழமை காலை தூத்துக்குடியிலிருந்து வந்த தாள் மட்டும் இல்லையென்றால், அன்றைக்கே நாங்கள் இருவரும் வீட்டுக்குப் போயிருப்போம். உங்களிடம் சந்து ஒருவர்தான் மிஞ்சியிருப்பார்."

முன்வரிசையில் ஜஸ்பீர் சந்து எழுந்து, "இருவரையும் நான் மன்னிக்க மாட்டேன்!" என்று கத்தினார். அந்த ஒரு நிமிடம் மூன்று பேருடைய ஆட்களும் சேர்ந்து சிரித்தார்கள்.

கிளாட்வின் அரங்கத்துக்கு வெளியே படிக்கட்டில் உட்கார்ந்திருந்தான். இன்னும் இருட்டவில்லை. ஜெசிந்தா இரண்டு காகிதக் கோப்பைகளில் டீ வாங்கிக்கொண்டுபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு இருவரும் தனியாகப் பேசியதில்லை.

"அன்னைக்கு உங்கிட்ட அப்படிக் கேட்டிருக்கக் கூடாதுக்கா."

"விடு. டீயக் குடி."

குடித்தான். "பதினோராயிரம். நம்ம ஊருல இருந்து ரெண்டு தெரு கூட வந்திருந்தாப் போதும்னு தோணுது. அதெப்படிப் போதும், ஆனா அப்படித் தோணுது." கண்ணைத் துடைத்துக்கொண்டான். "மேடம் அழல தெரியுமா? நம்ம ஊரு ஆளுங்க ஓட்டாலதான தோத்தேன், பரவாயில்லன்னாங்க. நீயாவது அவங்களுக்குப் போட்டேல்ல, அது போதும் எனக்கு."

ஜெசிந்தா கோப்பையைக் கீழே வைத்தாள்.

"இல்லல. நான் மாத்ரேக்குத்தான் போட்டேன்."

கிளாட்வின் திரும்பிப் பார்த்தான். சொன்னது புரிய அவனுக்கு நேரம் பிடித்தது.

"என்னக்கா சொல்லுத?"

"அவரு போக்குவரத்து மந்திரியா இருந்தப்ப, எட்டு மணி நேரத்துக்கு மேல ஒரு டிரைவரு ஓட்டக் கூடாதுன்னு கொண்டாந்தாரு பாரு. அதுக்கு முன்னால எங்க ஜன்னலுக்கு வாரவன் ஒவ்வொருத்தனுக்கும் கண்ணு செவசெவன்னு இருக்கும். மேடையில வண்டிய நிறுத்திட்டு ஸ்டியரிங்லயே தூங்குவான், நான் தட்டி எழுப்புவேன். இப்ப அப்படி ஒருத்தனும் வாரதில்ல. உங்க மேடம் நல்லவங்கதான். ஆனா லாரிக்காரங்களப் பத்தி ஒரு வார்த்த பேசல. அஞ்சு வாரமும் காது குடுத்துக் கேட்டேன்."

"அப்ப, அன்னைக்கு அந்தக் கடுதாசி? அவங்க போயிருந்தா உன் ஆளு சுளுவா ஜெயிச்சிருப்பாருல்ல?"

"அவரும் போகத்தான இருந்தாரு, அது எனக்கெங்க தெரியும்? ஆனா சரி, அவங்க போயிருந்தா அவருக்கு நல்லதுன்னுதான் அன்னைக்கு நெனச்சேன்."

"பின்ன ஏங்கா?"

"எனக்கு மூணு பேரையும் பாத்துப் போடணும்ல." குரலில் கொஞ்சம் கோபம்கூட இருந்தது. "ஒத்தப் பேருல அவரு பேரு இருந்தா மட்டும் அது நான் போட்ட ஓட்டாயிருமா?"

படிக்கட்டில் ஆட்கள் இறங்கிப் போய்க்கொண்டிருந்தார்கள். நீலக் கொடிகளும் பழுப்புக் கொடிகளும் கலந்து போயின. யாரோ ஒருவர் ஜெசிந்தாவை அடையாளம் கண்டு கும்பிட்டுவிட்டுப் போனார். கிளாட்வினின் தோள் குலுங்கியது. அழுகிறானோ என்று அவள் குனிந்து பார்த்தாள். சிரித்துக்கொண்டிருந்தான்.

"வீட்டுக்குள்ளயே ஒரு ஓட்ட விட்டுட்டேன். நான்லாம் ஒரு பொறுப்பாளரு," என்றான்.

"நீ எங்கிட்ட வந்து ஓட்டா கேட்ட? பெட்டியத் தெறன்னுதான கேட்ட."

"அடுத்த தடவை கேட்டா போடுவியா?"

ஜெசிந்தா எழுந்து புடவையில் ஒட்டிய தூசியைத் தட்டினாள். அவனுக்கும் கை கொடுத்துத் தூக்கிவிட்டாள்.

"நாலு வருசம் இருக்குல்ல. மொதல்ல அந்த மேடத்தக் கூட்டிக்கிட்டு ஒருநாள் எடைமேடைக்கு வா. டிரைவருங்ககிட்டப் பேசட்டும். பெறகு பாக்கலாம்."

கிளாட்வின் அங்கேயே நின்று போனை எடுத்தான். "எந்தக் கிழமைன்னா வண்டி அதிகமா வரும்?" என்று கேட்டான்.